மண்டபத்துக்கு வழி காட்டிய கம்புகள்

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்ததுதான். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்களுக்காகப் போட்ட கடிதங்களும், ஆபீசுக்குக் கொடுத்த ஒரே ஒரு மனுவும், சில பலகைகளும்தான். வாக்கியம் எங்காவது கோணிக்கொண்டு போனால் பொறுத்துக்கொள்ள வேண்டும். மறதியும் வந்துவிட்டது. காலையில் அடுப்பில் தண்ணீர் வைத்தது மத்தியானம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. ஆனால் முட்டிவலி எந்தத் தேயிலை நிரையில் தொடங்கியது என்று கேட்டால் இப்போதும் சொல்வேன். ஆகவே ஞாபகம் இருக்கிற பக்கமாகவே எழுதிக்கொண்டு போகிறேன்.

எழுபதுகளின் கடைசி. மலேசியாவின் கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டம், தானா ராத்தா டவுனிலிருந்து லோரியில் போனால் முக்கால் மணி நேரம். பதினைந்து வயதில் கொழுந்து எடுக்கப் போனவள் நான். சரிவில் நிற்கிற வேலை அது. ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. காலையிலிருந்து சாயங்காலம் வரை அப்படியே நின்றால் எந்தக் காலுக்குப் பாரம் அதிகம் என்று கேட்க வேண்டியதில்லை. என் வலது முட்டி முப்பத்து நான்கு வயதில் விட்டுவிட்டது. மலை ஏறும்போது வலிக்காது. இறங்கும்போது, முதுகில் கூடை நிறைந்திருக்கும்போது, உள்ளே யாரோ சரளைக்கல்லை அரைக்கிற மாதிரி இருக்கும்.

பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்த அக்கா ஒருத்தி உண்டு. சொந்தம் கிடையாது. பத்து வருடம் ஒரே பனியில் அருகருகே நின்றதால் அக்கா. நான் நொண்டுவதைப் பார்த்து, "அடியே, இப்படியே போனா ஒன்ன நாங்க கூடையில வச்சுத்தான் எறக்கணும். ஆபீசுல சொல்லுடி" என்பாள். நான் ஆபீஸ் வாசல் வரை போய் இரண்டு முறை திரும்பி வந்துவிட்டேன். பேச வாய் வராது எனக்கு. அதனால் மலை இறங்காத வேலை ஏதாவது வேண்டும் என்று காகிதத்தில் எழுதி, கிராணி ஐயாவின் மேசையில் வைத்துவிட்டு ஓடிவந்தேன். கிராணி என்றால் தோட்டத்து ஆபீசில் கணக்கும் ஆளும் பார்ப்பவர். எங்கள் கிராணி ஈப்போவிலிருந்து நேராக நாற்காலிக்கு வந்தவர். நல்லவர்தான். ஆனால் மலையில் கால் வைத்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் மண்டபம் வந்தது. மண்டபம் என்று நான் சொல்வது பழைய வாட்டுக் கொட்டகையை. பறித்த கொழுந்தைப் பரப்பி வாட்டுவதற்காக வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. கீழே புது ஃபேக்டரி வந்த பிறகு சும்மா கிடந்தது. நாடகம் போடுகிறவர்களும் கோலாட்டம் ஆடுகிறவர்களும் கோயில் முன்னால் மழையோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துத் தோட்ட மேனேஜர் துரை அதை ஆட்டம் பாட்டத்துக்கென்றே விட்டுக்கொடுத்தார். மேடை கட்டினார்கள், பெஞ்சு போட்டார்கள், திரை மாட்டினார்கள். லயத்தில் எல்லோரும் அதை டேவான் என்று சொன்னார்கள். எத்தனை சாயம் பூசியும் மரத்திலிருந்து வாடின கொழுந்து வாசனை மட்டும் போகவில்லை.

கிராணி ஐயா என் மனுவைப் படித்துவிட்டுக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏம்மா, டேவானக் கூட்டித் தொடச்சு வைக்க ஒரு ஆள் வேணும். பொங்கலுக்குத்தான் திறப்பு. அதுவரைக்கும் நீ பாரு. எல்லாம் ஒழுங்கா நடந்துச்சுன்னா அங்கேயே இருந்துக்கலாம்னு துரை சொல்லியிருக்காரு. இல்லன்னா பழையபடி மலைதான். என்ன சொல்ற?"

"சரிங்க ஐயா" என்றேன். அதற்கு மேல் என்ன சொல்வது? சமதளத்தில் நின்று செய்கிற வேலை. அன்று வீட்டுக்குப் போய் முட்டியைத் தடவிக்கொண்டு, பொங்கலுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று காலண்டரில் விரல் வைத்து எண்ணினேன்.

மண்டபம் சரிவில் நின்றது. மேல்பக்கம் சாலை. அங்கே புதிதாகப் பெரிய வாசல் வைத்திருந்தார்கள். கீழ்ப்பக்கம் எங்கள் லயங்கள். லயத்திலிருந்து வரும் ஒற்றையடிப் பாதை நேராகக் கொண்டுபோய் விடுவது பழைய கொழுந்து வாசலில். கூடையும் மூட்டையுமாக நாங்கள் எத்தனையோ வருடம் உள்ளே போன வாசல் அது. மேடையை அந்தச் சுவரை ஒட்டித்தான் கட்டியிருந்தார்கள். கொழுந்து வாசலில் நுழைந்து நாலு எட்டு வைத்தால் மேடையில் நிற்பீர்கள். பெரிய வாசலுக்குப் போக வேண்டுமானால் கொழுந்து வாசலுக்கு முன்னாலேயே இடது பக்கம் பிரிந்து, கட்டடத்தைச் சுற்றி, பதினான்கு படி ஏற வேண்டும்.

கொழுந்து வாசலைப் பூட்டிவிடலாமே என்று கேட்பீர்கள். ஆடுகிறவர்கள் உடை மாற்றுவது வெளியே இருந்த பழைய சாக்கு அறையில். அவர்கள் போகவர அது ஒன்றுதான் வழி.

பொங்கலுக்கு ஒரு மாதம் முன்னால் பள்ளிப் பிள்ளைகள் வெள்ளோட்டமாக ஒரு சின்ன நாடகம் போட்டார்கள். ராஜா சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறார். மந்திரி ஏதோ சொல்ல வாயைத் திறக்கிறார். பக்கவாட்டிலிருந்து எங்கள் லயத்துக் கிழவர் ஒருவர் குடையை உதறிக்கொண்டு மேடைக்கு வந்துவிட்டார். வந்தவர் திகைத்து நின்றார். எல்லோரும் சிரிக்கிறார்கள் என்று தெரிந்ததும் திரும்பிப் போயிருக்கலாம். அவரோ, ராஜாவைப் பார்த்து, "தம்பி, கொஞ்சம் தள்ளி ஒக்காரு" என்றார்.

சிரித்து ஓய்ந்த பிறகு கிராணி ஐயா என்னிடம் வந்தார். அவர் சிரிக்கவில்லை.

"பொங்கலுக்குத் துரை வராரு, வெளித் தோட்டத்து ஆளுங்க வராங்க, டவுன்லருந்து டான்ஸ் டீச்சர் வராங்க. இந்த மாதிரி ஆச்சுன்னா மானம் போயிடும். ஒன் எழுத்து நல்லா இருக்கு, மனுவில பாத்தேன். வழி காட்டற பலகையெல்லாம் நீயே எழுதிடு. யாரும் வழி தப்பக் கூடாது. ஒன் பொறுப்பு."

கூட்டித் துடைப்பதோடு இதுவும் சேர்ந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. வேலைக்கு வந்த நாளிலிருந்தே கண்டவர்களெல்லாம் என்னை நிறுத்தி, தண்டாஸ் என்கிற கக்கூஸ் எங்கே, உடை மாற்றுவது எங்கே, எந்தப் பக்கம் போவது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தெரியாத ஆள் கேட்டால் எனக்குக் காது சூடாகிவிடும். பலகை இருந்தால் அது சொல்லிவிடும், நான் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கலாம்.

தேயிலைப் பெட்டி செய்கிற மெல்லிய பலகைகளை ஃபேக்டரியிலிருந்து கேட்டு வாங்கினேன். மிச்சமிருந்த நீலச் சாயத்தில் 'பெரிய வாசல்', 'பெண்கள் தண்டாஸ்', 'ஆடுவோர் மட்டும்' என்று எழுதினேன். அம்புக்குறி போட்டேன். முதல் பலகையைப் பாதை பிரிகிற இடத்தில் ஆள் உயரத்துக்கு வீட்டுக்காரர் அடித்துக்கொடுத்தார். மறுநாள் வழியில் ஒதுங்கி நின்று பார்த்தேன். ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்க முடியாது. அந்தப் பாதை பாசி பிடித்த கல். ஏறுகிறவர்கள் காலடியைப் பார்த்துத்தான் ஏறுவார்கள். நானும் அப்படித்தானே இருபது வருடம் ஏறினேன், எனக்கு ஏன் முதலிலேயே தோன்றவில்லை?

பலகையைப் பிடுங்கி முழங்கால் உயரத்துக்கு நட்டோம். இப்போது பார்த்தார்கள். பார்த்துவிட்டு நேராகக் கொழுந்து வாசலுக்கே போனார்கள். அக்காவை நிறுத்தி, "என்ன போட்டிருக்குன்னு பாத்தியா?" என்று கேட்டேன்.

"ஏதோ போட்டிருக்க. அழகாத்தான் இருக்கு."

"என்னன்னு படிக்கலையா?"

"படிக்கத் தெரிஞ்சா நான் ஏண்டி ஓங்கிட்ட லெட்டர் எழுதக் குடுக்குறேன்?" என்று சொல்லிவிட்டுத் தோளைக் குலுக்கிச் சிரித்தாள்.

லயத்தில் வயதானவர்களில் பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. தெரிந்த விஷயந்தான். ஆனால் பலகை எழுத உட்கார்ந்ததும் அது மறந்துபோனது. அதனால் கம்பு நடலாம் என்று எனக்குத் தோன்றியது. மலையில் இன்னார் நிரை இதுதான் என்று காட்டக் கங்காணி கம்பு நடுவார். பனியில் ஆளே தெரியாதபோதும் கம்பைப் பிடித்துக்கொண்டு போய்விடுவோம். அதுபோலப் பாதை பிரிகிற இடத்திலிருந்து பெரிய வாசல் வரை ஐந்து எட்டுக்கு ஒரு கம்பு. படிக்க வேண்டியதில்லை, கம்பைப் பார்த்துக்கொண்டே நடந்தால் போதும்.

கிராணி ஐயாவுக்கு அது பிடித்திருந்தது. ஆனால் நீலம் வேண்டாம் என்றார். பனி இறங்கினால் நீலம் தெரியாது என்றார். அது உண்மைதான். அடுத்த வாரம் தானா ராத்தா போய்ச் சிவப்புச் சாயமும் சிவப்புத் துணியும் வாங்கிவந்து என் கையில் கொடுத்தார்.

"கம்புக்குத் தலையில செவப்பு அடிச்சு, ஒவ்வொண்ணுலயும் துணியக் கட்டிடு. பொங்கலுக்கு மங்களகரமா இருக்கும், பனியிலயும் பளிச்சுனு தெரியும். எப்படி என் ஐடியா?"

நான் துணியை விரித்துப் பார்த்தேன். மலையில் பூச்சிமருந்து அடித்தால் அந்த இடத்தைச் சுற்றிக் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டுவார்கள். துணி இருக்கிற வரை உள்ளே கால் வைக்கக் கூடாது. கொழுந்து எடுக்கக் கூடாது, மாட்டுக்குப் புல் அறுக்கக் கூடாது, அந்தப் பக்கத்து ஓடையில் கை கழுவக்கூடக் கூடாது. ஒருமுறை காற்றில் துணி பறந்துபோனது தெரியாமல் ஒரு வீட்டார் அங்கே புல் அறுத்துப்போட்டு, கறவை மாடு வாயில் நுரை தள்ளிக் கிடந்ததை லயமே கூடி நின்று பார்த்தது. நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் எங்கள் தோட்டத்தில் அது தெரியும். நாற்காலியில் இருந்த கிராணி ஐயாவுக்குத் தெரியவில்லை.

ஒரு வார்த்தை. 'ஐயா, சிவப்பு வேண்டாம்.' அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். வாங்கிவந்த சந்தோஷம் தெரிந்தது. சமதளத்து வேலை அவர் கையில் இருந்தது.

"நல்லா இருக்குங்க ஐயா" என்றேன்.

வீட்டு வாசலில் கம்புகளுக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்தார். அவர் மருந்தடிக்கிற கூட்டத்தில் பம்பு தூக்குகிறவர். கம்புகளைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"என்னாது, எங்க வேலைய நீ எடுத்துக்கிட்டியா? எந்த மலைக்கு மருந்து?"

"டேவானுக்கு வழி காட்டறதுக்குங்க."

"வழி காட்டவா? இதப் பாத்தா எவன் வருவான்? போ, கிராணிகிட்டச் சொல்லு."

"நீங்க சொல்லுங்களேன்."

"நான் எதுக்குலா? என் கையிலயா துணியக் குடுத்தாரு?" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். திரும்பி வந்து தலை துவட்டும்போது, "சொல்றியா இல்லியா?" என்று மறுபடியும் கேட்டார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். நாளையும் போனது, அதற்கு மறுநாளும் போனது. டேவான்தானே, மலையா, அங்கே போய் யார் மருந்தை நினைப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருபத்திரண்டு கம்பும் நட்டு முடித்தோம்.

பொங்கலன்று நிகழ்ச்சி மத்தியானம் இரண்டு மணிக்கு. துரையும் மற்ற விருந்தாளிகளும் சாலைப் பக்கமாகக் காரில் வந்து பெரிய வாசலில் இறங்கி முன்பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்குக் கம்பும் வேண்டாம், பலகையும் வேண்டாம். மங்களவாத்தியம் முடிந்தது, மாலை போட்டார்கள், குத்துவிளக்கு ஏற்றினார்கள். திரும்பிப் பார்த்தால் பின்னால் இருபது பெஞ்சு காலி. லயத்து ஆட்கள் ஒருவரும் இல்லை.

கிராணி ஐயா வியர்த்துக்கொண்டு வந்தார். "எங்கம்மா ஆளுங்க? மணி ரெண்டரை ஆச்சு!"

படியருகே போய்ப் பார்த்தேன். பனி இறங்கித் தூறலும் போட்டுக்கொண்டிருந்தது. பனிக்குள் என் சிவப்புக் கம்புகள் பளிச்சென்று தெரிந்தன. அந்த மட்டில் கிராணி ஐயா சொன்னது சரி. அதற்குக் கீழே, பாதை பிரிகிற இடத்தில், புதுச் சேலையும் குடையுமாக ஒரு கூட்டம் நின்றது. பிள்ளைகள் கம்பு பக்கம் போய்விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். யாரும் யாரிடமும் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்க என்ன இருக்கிறது? துணி கட்டியிருக்கிறது, அவ்வளவுதான். நான் இறங்கிப் போவதற்குள் கூட்டம் கொழுந்து வாசல் பக்கம் நகர்ந்துவிட்டது. பதினான்கு படி, வலது முட்டி. பாதிப் படியில் இருக்கும்போதே உள்ளே கைதட்டல் கேட்டது.

பிறகு அக்கா சொல்லித்தான் முழுசாகத் தெரியும். டவுனிலிருந்து வந்த பெண்கள் ஆறு பேர் மயில் மாதிரி ஆடிக்கொண்டிருக்கும்போது, எங்கள் ஆட்கள் பதினோரு பெண்கள், ரப்பர் செருப்பான செலிப்பாரைக் கையில் தூக்கிக்கொண்டு, குழந்தைகளோடு மேடைக்கு வந்துவிட்டார்கள். முன்னால் வந்த அக்காவுக்கு நேர் எதிரே துரை. என்ன செய்வாள்? செலிப்பாரோடு கையைக் குவித்துக் கும்பிட்டாள். பின்னால் வந்த பத்துப் பேரும் கும்பிட்டார்கள். ஆடின பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். நிகழ்ச்சியில் இதுவும் ஒன்று என்று நினைத்துத் துரை எழுந்து கைதட்டியிருக்கிறார்.

திரையை இழுத்துவிட்டார்கள். கிராணி ஐயா கொழுந்து வாசலில் என்னைப் பிடித்தார். டான்ஸ் டீச்சர் கண்மை கலைய அழுதுகொண்டு பக்கத்தில் நின்றார்.

"ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன். யாரும் வழி தப்பக் கூடாதுன்னு. நீ லாயக்கில்லம்மா. திங்கக்கெழம மலைக்குப் போயிடு."

அப்போதுதான் என் வாய் திறந்தது. "சிவப்புன்னா மருந்துங்க ஐயா."

"என்ன?"

"சிவப்புத் துணி கட்டுனா மருந்தடிச்சிருக்குன்னு அர்த்தம். உள்ள போகக் கூடாது. இங்க எல்லாருக்கும் தெரியும்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒனக்கு?"

"தெரியும்."

"துணியக் கையில குடுத்தப்பவே தெரியுமா?"

தலையை ஆட்டினேன்.

"பின்ன ஏம்மா சொல்லல?" கத்தவில்லை அவர். கத்தியிருந்தால் தேவலை. அவர் டீச்சரைச் சமாதானப்படுத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வேலை போய்விட்டது என்று தெரிந்த பிறகு என்ன பயம்? லயங்களில் மேல் வரிசையான மேல்லயத்து ஆட்கள் இன்னும் வரவில்லை. கம்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினேன். அக்கா ஓடிவந்தாள்.

"என்னடி பண்ற?"

"சிவப்ப இங்க நடணும், கொழுந்து வாசல்ல. உள்ள வரக் கூடாத எடம் இதுதானே."

"அப்ப அங்க?"

கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஒரு நீளக் கம்பில் வெள்ளை மாவுச்சாக்குத் துணி கட்டியிருப்பார்கள். பனியில் அதைப் பார்த்துத்தான் இறங்குவோம். வெள்ளை தெரிந்தால் முதுகிலிருந்து கூடையை இறக்கலாம். மண்டபம் துடைப்பதற்கென்று நான் மாவுச்சாக்குகளைக் கிழித்து, முந்தின நாள்தான் சோடா போட்டு அவித்து வெளுத்துக் காயவைத்திருந்தேன். அது ஞாபகம் வந்தது. அக்கா கம்பிலிருந்து சிவப்பை அவிழ்த்தாள், நான் சிவப்புச் சாயம் தெரியாதபடி தலையை மூடித் துடைக்கிற துணியைக் கட்டினேன். தூறலில் இருவரும் நனைந்துபோனோம். பத்துக் கம்புக்கு வெள்ளை வந்தது, அவற்றைப் பெரிய வாசல் வழியிலேயே மறுபடி நட்டோம். அதற்கு மேல் துணி இல்லை. மிச்சச் சிவப்பைக் கொழுந்து வாசலுக்கு இரு பக்கமும் அடர்த்தியாக நட்டோம்.

"இப்ப எந்தக் கொம்பனும் உள்ள வரமாட்டான்" என்றாள் அக்கா. புதுச் சேலையின் கீழ்ப்பாகம் முழுக்கச் சேறு. "என்னையும் துரைக்குக் கும்பிடு போட வச்சிட்டியேடி, பாவி."

மேல்லயத்து ஆட்கள் வந்தார்கள். பாதை பிரிகிற இடத்தில் ஒரு கணம் நின்றார்கள். பிறகு இடது பக்கம் திரும்பி, பேசிக்கொண்டே, கட்டடத்தைச் சுற்றிப் படி ஏறினார்கள். ஒருவர்கூட என்னைக் கேட்கவில்லை. நான் ஈரத் தலையோடு படிக்குக் கீழே நின்று எண்ணினேன். ஐம்பது அறுபது பேருக்கு மேல் எண்ணிக்கை தப்பிவிட்டது. திரையை மறுபடி விலக்கி, மயில் நடனத்தை முதலிலிருந்து ஆடினார்கள். நான் உள்ளே போகவில்லை. பாட்டு மட்டும் கேட்டது.

திங்கட்கிழமை விடியற்காலை இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, கூடையை எடுத்துக்கொண்டு பெரட்டுக்குப் போனேன். பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடம். வரிசையில் கடைசியில் நின்றேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கிராணி ஐயா புத்தகத்தைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். என் பெயர் வரவில்லை. எல்லோரும் மலைக்குக் கிளம்பிய பிறகும் நின்றுகொண்டிருந்தேன்.

"நீ எங்க இங்க?" என்றார், நிமிராமலேயே.

"மலைக்குப் போகச் சொன்னீங்க ஐயா."

"டேவான் சாவி யார்கிட்ட இருக்கு?"

என் இடுப்பில்தான் இருந்தது. எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"பின்ன? போயி தொற. தரையெல்லாம் சேறு."

அதற்கு மேல் அதைப் பற்றி அவரும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. எண்பதுகள் முழுக்க அந்த மண்டபத்தில் இருந்தேன். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முந்தின நாள் துணி அவித்துக் கட்டுவேன், முடிந்ததும் அவிழ்த்து அதே துணியால் தரை துடைப்பேன். கம்பு ஈரத்தில் உளுத்துப்போகும், புதிது நடுவேன். சிவப்புக் கம்பைப் பார்த்துவிட்டு வெளியூர் நாடகக்காரர்கள் உள்ளே வரப் பயப்படவில்லை. அவர்களுக்கு அதில் அர்த்தம் ஒன்றும் இல்லை. அதனால் ஆடுகிறவர்கள் வாசல் அவர்களுக்கே ஆகிவிட்டது. முட்டி மட்டும் தேறவில்லை. மலையிலிருந்து தப்பித்தேன் என்று பெயர்தான். ஒரு நாளைக்கு எத்தனை முறை வாளியோடு அந்தப் பதினான்கு படி ஏறி இறங்கினேன் என்று எனக்குத்தான் தெரியும். சில நாள் படியிலேயே உட்கார்ந்துவிடுவேன். தேயிலை மேல் பனி ஏறுவதைப் பார்ப்பேன். எழுந்திருக்க மனசு வராது.

அந்தப் பொங்கலுக்குப் பிறகு கிராணி ஐயா எதைச் செய்தாலும், "ஏம்மா, இது சரியா இருக்குமா?" என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்பார். வேறு தோட்டத்துக்கு மாறிப் போகும் வரை கேட்டார். நான் சொன்னேனா? தண்டாஸ் பலகையை விளக்குக்குப் பின்னால் மாட்டினார், இருட்டில் தெரியாது என்று எனக்குத் தெரியும். "சரிங்க ஐயா" என்றேன். அவர் போன பிறகு நானே ஸ்டூல் போட்டு ஏறி முன்னால் மாற்றி மாட்டினேன். அந்தச் சுபாவம் என்னோடுதான் போகும்.

இதைப் படிக்கிறவர்களில் அன்று மண்டபத்தில் இருந்தவர்கள் யாராவது இருந்தால் சரிபார்த்துக் கொடுங்கள். படி பதினான்குதானா? பதிமூன்று என்று ஒருமுறை எண்ணின ஞாபகமும் இருக்கிறது. மேடைக்கு வந்தவர்கள் பதினோரு பேர் என்பது அக்கா சொன்ன கணக்கு, அவள் தன்னைச் சேர்த்துச் சொன்னாளா விட்டுச் சொன்னாளா தெரியாது. ஆடியது மயில் நடனந்தானா என்று அந்த ஆறு பெண்களில் ஒருவரைக் கேட்டால் தெரிந்துவிடும். நட்ட கம்பு இருபத்திரண்டுதானா என்று கேட்க வீட்டுக்காரர் இப்போது இல்லை.

இன்னொன்று. அக்கா கடைசிக் காலத்தில் மகளோடு ஈப்போவில் இருந்தாள். நான் கிராணியிடம் சிவப்பு வேண்டாம் என்று முன்னாலேயே சொன்னதாகவும், அவர்தான் கேட்கவில்லை என்றும் அங்கே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாளாம். என் மேல் இருந்த பிரியம். அவள் பிள்ளைகளைக் கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள். நான் சொல்லவில்லை. திருத்துகிறவர்கள் மற்றதையெல்லாம் திருத்துங்கள், அந்த இடத்தை மட்டும் நான் எழுதியபடியே விட்டுவிடுங்கள்.